காரணம்: ஆபரேட்டர்

ஆபரேட்டிங் சிஸ்டம் ஏன் கெட்டுப்போகிறது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அதற்கான பட்டியல் உங்கள் எல்லோரிடமும் இருக்கும். வைரஸ், பாதியில் நின்ற அப்டேட், பொருந்தாத டிரைவர், நிரம்பி வழியும் டிஸ்க், போய்ப் போய் வரும் கரண்ட், சூடு, பழுதான மெமரி. பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. முப்பது வருடம் நானும் அதை வைத்துத்தான் சோறு தின்றேன். ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பெண்ணைச் சாகும் இடத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தவன் நான். அதைத்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு என் மேல் மரியாதை குறைந்தால் குறையட்டும், பரவாயில்லை.

மாதனூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அதன் பின்பக்கம், கழிவுநீர் வந்து சேரும் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில், கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, எந்த பம்ப் ஓடுகிறது என்று அது காட்டிக்கொண்டும் பதிந்துகொண்டும் இருக்கும். அதை அமைத்துக் கொடுத்தவன் நான். தொட்டியில் இருக்கும் சென்சாரிலிருந்து அறைக்குள் கேபிள் வர, தரைக்கடியில் குழாய் பதித்தவனும் நானே. பராமரிப்பும் என் பொறுப்பு.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் கோமதி. மாதனூர்ப் பக்கம் ஒரு கிராமம், இரண்டு பிள்ளைகள். ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடம் தையல் லைனில் நின்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, இந்த நாற்காலிக்கு வந்திருந்தார். பஸ்ஸில் ஏறும்போது, முன்பு கூட வேலை பார்த்த பெண்கள், "கம்ப்யூட்டர்காரி வர்றா, எடம் வுடுங்கடி" என்று கிண்டல் செய்வார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டி நின்றது. போய் மறுபடி ஓடவிட்டேன். நான்கு நாள் கழித்து மறுபடி. தூசி என்று நினைத்தேன். ஜன்னலை மூடி, இடுக்குகளில் ஃபோம் வைத்து டேப் ஒட்டச் சொன்னேன். ஏசி வைக்கச் சொன்னேன். கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்: அனுமதி இல்லாமல் கதவையோ ஜன்னலையோ திறக்கக் கூடாது. கீழே என் கையெழுத்து.

ஏசி மாட்ட சென்னையிலிருந்து வந்த ஆள் மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். "சார், ரூமுக்குள்ள அழுகின முட்டை வாடை அடிக்குதே" என்றார். நான் சிரித்தேன். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து மூக்கைப் பொத்துவதும், நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதும் இங்கே வழக்கமாக நடப்பதுதான். "ஒரு வாரம் இருங்க, பழகிடும்" என்றேன். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. தெரியாததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஏசி வந்தபிறகு நிலைமை மோசமானது. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை சிஸ்டம் விழுந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள், ஏனென்றால் நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திரையில் வேறு வேறு கோப்பின் பெயர் வந்தது. ஒரு நாள் திரையைக் காட்டும் டிரைவர், ஒரு நாள் நெட்வொர்க், ஒரு நாள் சிஸ்டத்தின் ஆணிவேரான கோப்பு. உண்மையிலேயே ஒரு மென்பொருளில் கோளாறு என்றால் பெரும்பாலும் அதன் பெயரே திரும்பத் திரும்ப வரும். இப்படி ஆளாளுக்குப் பழி போனால், பழுது அவற்றுக்கெல்லாம் கீழே, மெமரியிலோ போர்டிலோ இருக்கிறது என்று அர்த்தம். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அங்கே மூன்று முறை ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கெட்டுப்போன மெமரி வழியாகப் போட்ட சிஸ்டம், போடும்போதே ஊனமாகத்தான் உட்காரும். மூன்று முறையும் என் கையாலேயே ஊனமான ஒன்றை உட்கார வைத்துவிட்டு, நன்றாக ஓடுகிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது முறை போட்டபோதுதான் பழைய பதிவுகளில் ஒரு பென் டிரைவ் செருகிய தடம் கண்ணில் பட்டது. கோமதியைக் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமா சார். ஒரே ஒரு தபாதான். புள்ள ஸ்கூலுக்கு ஒரு ஃபாரம் பிரிண்ட் எடுக்கணும்னு போட்டேன். தப்புதான் சார்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மூன்று மாதமாகக் காரணம் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் என்னைச் சாராத காரணம். கம்ப்யூட்டரில் இனி எதையும் செருகாதபடி, உடனே அவருடைய செல்போனை வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு போட வைத்தேன். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ள வேண்டும், யாரையும் விடக் கூடாது என்றும் சொன்னேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இன்னா சார், மாசம் ஒரு தபா புதுசா போட்றீங்க, மறுபடியும் படுத்துக்குது. ஒரே பேஜாரா இருக்கு. சனிக்கிழமைக்குள்ள காரணத்த எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணாலதான்னா அதையும் எழுதுங்க. திங்கக்கிழமைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்றேன்."

வெளியே வந்தால் கோமதி நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார் போலிருக்கிறது. "சார், என் பேர எழுதிடாதீங்க சார். மறுபடி தையல் லைனுக்குப் போனா சேத்துக்க மாட்டாங்க. பென் டிரைவ்னால இல்ல சார், சத்தியமா."

"பாக்கலாம் மா" என்றேன். பாக்கலாம் என்று நாம் எப்போது சொல்வோம் என்பது உங்களுக்கே தெரியும்.

சிஸ்டம் விழும் நேரத்தை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி அவரிடம் சொல்லியிருந்தேன். எழுதியிருந்தார். ஆனால் நடு நடுவே 'தலவலி', 'கண் எரியுது', 'வாந்தி வர மாதிரி இருக்கு' என்றும் எழுதி நேரம் போட்டிருந்தார். "சிஸ்டத்துக்கு என்னன்னு எழுதச் சொன்னா, உனக்கு என்னன்னு எழுதி வெச்சிருக்கியே மா" என்று கிண்டல் செய்தேன். சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

வியாழக்கிழமை ரிப்போர்ட் அடித்து முடித்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர்' என்று இருந்தது. ஆனாலும் ஒரு உறுத்தல் இருந்தது. நியாயமாக நடந்துகொண்டேன் என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டுமே, அதற்காக ஒரு சோதனை வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, என்னிடம் இருந்த நல்ல மெஷின் ஒன்றை வைத்தேன். மெஷின் வேறு, ஆள் அதே ஆள். இதுவும் விழுந்தால் ஆள்தான் காரணம். என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். அதே ஆள் என்று யோசித்தவனுக்கு, அதே அறை என்று தோன்றவில்லை.

மேஜைக்கடியில் குனிந்து கேபிள் மாட்டும்போது கோமதியின் கால் பக்கத்தில் இருந்தது. மெட்டி இரண்டும் கரியாகக் கறுத்திருந்தன. "என்னம்மா, மெட்டிய சாயத்துல ஊறப் போட்டியா?" என்றேன்.

"போன மாசந்தான் சார் பாலீஷ் போட்டேன். மறுபடி கறுத்துப் போச்சு. எங்க மாமியா உடம்புல சூடு ஜாஸ்தின்றாங்க. மோர் குடிக்கச் சொல்றாங்க."

"குடி, குடி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். "நான் வேலூர் போய் இத பாத்துட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் சேர விட்டு எழுந்திரிக்கக் கூடாது. நடுவுல வேற யாராவது தொட்டாங்கன்னு அப்புறம் சொல்லக் கூடாது, சரியா?"

"எழுந்திரிக்க மாட்டேன் சார்" என்றார். வேலை போய்விடும் என்று பயந்து கிடப்பவரிடம் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நோட்டையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு வேலூர் போனேன். லாங் பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு மெக்கானிக் கம்ப்யூட்டர் போர்டுகளைப் பழுது பார்ப்பார். என்னைவிட இருபது வயது சின்னவர், தொழிலில் என்னைவிடப் பெரியவர். கைவண்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவில் புகுந்து கடைக்குப் போய்ச் சேரவே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். என் முறை வர இன்னும் அரை மணி. அவர் பெட்டியைத் திறந்தார். மெமரியைக் கழற்றி லென்ஸுக்குக் கீழே வைத்தார். போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது எங்க இருந்துச்சு? செப்டிக் டேங்க்குள்ளயா?"

"ஏன்?"

"செம்பு இருக்கற எடமெல்லாம் கரி மாதிரி ஆய்டுச்சு. மெமரி உக்கார்ற எடத்துலயும் பூத்துப் போச்சு. கழிவுத் தண்ணி பம்ப் ஓட்ற பேனல் போர்டு எங்கிட்ட இப்டித்தான் வரும். கேஸ் சார். கேஸ் அடிச்சா செம்பு, வெள்ளி ரெண்டும் இப்டிக் கறுத்துடும். இத்த மூக்குகிட்ட வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியாது சார். நம்ம பக்கத்து மூக்கு எல்லாம் எப்பவோ செத்துப் போச்சு. ஜாஸ்தி அடிச்சா அந்த கேஸே மூக்க மரத்துப் போக வெச்சுடும்."

வெள்ளி என்று அவர் சொன்னதும் கோமதியின் கறுத்த வெள்ளி மெட்டி நினைவுக்கு வந்தது. நோட்டைப் பிரித்தேன். சிஸ்டம் விழுந்த நேரங்களில் ஒழுங்கே இல்லை, எந்த நாளும் எந்த நேரமும். ஆனால் தலைவலி அப்படி இல்லை. செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. எல்லாமே பதினொன்றரை மணிக்கு மேல். செவ்வாயும் வெள்ளியும்தான் முடி நீக்கும் டிரம்களைத் திறந்து விடுவார்கள். தோலிலிருந்து முடி போவதற்குச் சுண்ணாம்போடு சல்ஃபைடு என்ற உப்பைப் போடுவார்கள். அந்தத் தண்ணீர் தொட்டிக்கு வருகிறது. அங்கே எழும் வாயு நான் பதித்த குழாய் வழியாக, நான் வாயடைக்காமல் விட்ட குழாய் வழியாக, நான் டேப் ஒட்டி மூடிய அறைக்குள் போகிறது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

மணி பன்னிரண்டு ஐம்பது. கோமதியின் செல்போனுக்கு அடித்துவிட்டு, அது வாசலில் ஒரு டப்பாவில் கிடக்கும் என்று பிறகுதான் உறைத்தது. மேனேஜருக்கு அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். ஜும்மா தொழுகை நேரம். தொழுகைக்கு முன்னால் டிரம்களைக் காலி செய்துவிட்டு எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள், மற்றவர்கள் சாப்பாட்டுக்கு. செக்யூரிட்டி வேலு மட்டும் போனை எடுத்தார்.

"வேலு, கோமதி எங்க?"

"ரூம்லதான் சார். வெளிய வரலியே."

"இன்டர்காம் அடி."

அடித்தார். மணி அடிக்கும் சத்தம் என் காதிலும் கேட்டது. "எடுக்கல சார். தூங்கறாங்களோ இன்னாவோ."

"ஓடு வேலு. போன கட் பண்ணாத. ஜன்னல் கண்ணாடிய ஒட."

"சார், ஜன்னலத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான் நோட்டீஸ் ஒட்டிக் கையெழுத்து போட்டீங்க. மேனேஜர் சார் வந்துடட்டும் சார். என் வேலைக்கு வம்பாய்டும்."

"அத எழுதினவன்தான் சொல்றேன், ஒட!" என்று கத்தினேன். சந்தில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். "வெளிய நின்னே ஒட. தலைய உள்ள வுடாத. விஷக் காத்து வேலு, உள்ள விஷக் காத்து."

அவர் ஓடுவது கேட்டது. கண்ணாடி உடைந்தது. பிறகு அவர் குரல் மாறிவிட்டது.

"சார், மேஜ மேல தலைய வெச்சுப் படுத்திருக்காங்க. கோமதி! கோமதீ! எழுந்திரிக்க மாட்டேன்றாங்க சார். நான் உள்ள போறேன்."

"போகாத!"

"சார், புள்ளைங்க இருக்கு சார் அவங்களுக்கு!"

"போகாத வேலு. நீயும் வுழுந்தா தூக்கறதுக்கு ஆள் இல்ல. கதவுக் கண்ணாடியையும் ஒட. காத்து ஓடட்டும்."

என் தொழில் வாழ்க்கையில் நான் எடுத்த எல்லா முடிவுகளிலும் இதுதான் கஷ்டமானது. நாற்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், என் வார்த்தையைக் கேட்டு ஒரு பெண் எழுந்திரிக்காமல் உட்கார்ந்து மயங்கிக் கிடக்கிறார். அவரைத் தூக்க வந்தவரை நானே தடுத்து நிறுத்துகிறேன். நான் சொல்வது சரியா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கழிவுத் தொட்டிகளில் ஒருவரைத் தூக்க இறங்கி இரண்டு பேர், மூன்று பேர் என்று விழுந்த கதைகளை இந்தப் பக்கத்தில் கேட்காதவர்கள் இல்லை. அது ஒன்றுதான் எனக்குப் பிடிமானம். மெக்கானிக் தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், மேடம் சேர்ல சக்கரம் இருக்கு" என்றார் வேலு திடீரென்று. "தோல் இழுக்கற கொக்கிக் கம்பு வெளியவே சாத்தி இருக்கு. கதவத் தொறந்துட்டு, இங்க நின்னே இழுக்கறேன்."

அந்த யோசனை எனக்கு வரவில்லை. அவருக்கு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, கதவின் உடைந்த கண்ணாடி வழியே கையை விட்டுத் தாழைத் திறந்தார். கதவை உதைத்துத் தள்ளிவிட்டுப் பின்னால் வந்து நின்றார். போனைத் தரையில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. கம்பு இடிக்கும் சத்தம். ஏதோ சரியும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு நிமிடமாகக்கூட இருக்கலாம்.

"சார்." வேலு அழுதுகொண்டிருந்தார். "வெளிய இழுத்தாந்துட்டேன் சார். மரத்தடியில போட்ருக்கேன். மூச்சு இருக்கு. கம்மியா இருக்கு, ஆனா இருக்கு."

அன்றைக்கு அவசரத்தில் வேறு டிரம்களின் ஆசிட் தண்ணீரையும் சல்ஃபைடு தண்ணீரோடு சேர்த்தே திறந்துவிட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால் வாயு பல மடங்கு கிளம்பும். இன்னும் கால் மணி நேரம் தாண்டியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கால் மணி நேரத்தை மெக்கானிக் கொடுத்தார், வேலு கொடுத்தார். நான் கொடுத்ததெல்லாம் மூடிய ஜன்னலும் நோட்டீஸும்தான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிஸ்டம் நிலையில்லாமல் ஆடினால் அதன் பதிவுகளைப் படியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். காற்று எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். தினமும் அங்கே உட்காருகிறவர் தலைவலி என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். யார் மேலாவது பழி போடத் தோன்றி, அதில் உங்களுக்கு நிம்மதியும் வந்தால், அன்றைக்கு ரிப்போர்ட் எழுதாதீர்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோமதி கண் விழித்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர். நான் யார் என்று தெரிந்ததும் அவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் கோமதிதான் முதலில் பேசினார். குரல் கரகரவென்று மெதுவாக வந்தது.

"சார், நான் எழுந்திரிக்கல சார். தலை சுத்துச்சு, அப்பவும் எழுந்திரிக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை.

"இன்னிக்கு சனிக்கிழம இல்ல சார்?" என்றார் கோமதி. "ரிப்போர்ட் குடுத்துட்டீங்களா?"

"இல்ல மா. குடுக்கல."

"பென் டிரைவ்னால இல்லன்னு தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் தப்பு."

"அத எழுதிக் குடுங்க சார்."

பையில் அந்த ரிப்போர்ட் இருந்தது. கட்டிலின் ஓரத்திலேயே வைத்து, காரணம் என்ற கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு, குழாயை அடைக்காமல் விட்டது நான், அறையை மூடியது நான் என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். கோமதி அதை வாங்கிக்கொண்டு, ஆக்ஸிஜன் குழாயை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு வரியாக இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"தேதி போடல சார்" என்றார்.